எடை நீங்கிய பின் எஞ்சும் விசைகள்

மெலமைன் ஃபார்மால்டிஹைடு என்னும் பிசினால் ஆன, 7 மைக்ரான் விட்டமுள்ள ஓர் உருண்டைத் துகளை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை சுமார் கால் நானோகிராம். குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பி, மின்சாரத்தால் ஒளிரவைத்த ஓர் அறைக்குள் அதைத் தூவினால், கண் இமைப்பதற்குள் அது சுமார் 10,000 எலக்ட்ரான்களின் மின்னூட்டத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. ஆர்கான் அயனி, அதாவது எலக்ட்ரானை இழந்த ஆர்கான் அணு, எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 73,000 மடங்கு கனமானது; அது மெதுவாக வந்து சேர்வதற்குள் வேகம் மிகுந்த எலக்ட்ரான்கள் துகளின் மேற்பரப்பில் குவிந்துவிடுகின்றன. அடுத்து வரும் எலக்ட்ரான்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு எதிர்மின்னூட்டம் சேர்ந்த பிறகுதான் இரு தரப்பு வரவும் சமமாகின்றன. அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவான பிளாஸ்மாவில் இப்படி மின்னூட்டம் பெற்ற ஆயிரக்கணக்கான துகள்கள் மிதக்கும் நிலையைத் தூசுப் பிளாஸ்மா என்றும், துகள்களுக்கு இடையிலான உறவே முதன்மை பெறும்போது சிக்கல் பிளாஸ்மா என்றும் சொல்கிறோம்.

இதைப் புவியில் படிப்பதற்கும் எடையற்ற நிலையில் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். விண்வெளிக்குக் கொண்டுபோனால் ஈர்ப்பு என்ற தொந்தரவு நீங்கி எல்லாம் தூய்மையாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. இந்தத் துறையின் வரலாறு அதைவிடச் செறிவானது. ஈர்ப்பை நீக்கியதும் அதன் நிழலில் மறைந்து கிடந்த வேறு விசைகள் வெளிவந்தன. சில கேள்விகளுக்குப் புவியில் கிடைத்த விடை அங்கே தலைகீழாகவே மாறியது.

முதலில் அடிப்படைக் கணக்கு. ஒரு துகளின் மின்னூட்டம் 10,000 மடங்காகும்போது, இரு துகள்களுக்கு இடையிலான விலக்கு ஆற்றல் அதன் வர்க்கமாக, அதாவது பத்துக் கோடி மடங்காக உயர்கிறது. துகள்களைச் சூழ்ந்த பிளாஸ்மா இந்த விலக்கை ஓரளவு மறைத்துவிடும். அப்படியும் அது துகள்களின் வெப்ப அசைவின் ஆற்றலை வெகுவாக விஞ்சி நிற்கும். அப்படி விஞ்சும்போது துகள்கள் ஒழுங்கான படிகமாக அடுக்கிக்கொள்ள வேண்டும் என்று இகேசி என்ற இயற்பியலர் 1986இல் கணித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், ஜெர்மனியின் கார்ஷிங், தைவான், ஜப்பான் ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனிக் குழுக்கள் பிளாஸ்மாப் படிகத்தைக் கண்ணால் கண்டன. கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் விண்புற இயற்பியல் நிறுவனத்தில் ஹூபர்டஸ் தாமஸும் கிரெகோர் மோர்ஃபிலும் தொடங்கிய அந்த வேலைதான் பின்னர் விண்வெளி நிலையம் வரை சென்றது.

இந்தப் படிகத்தை நான் முதன்முதலில் என் ஆய்வுக் காலத்தில் ஒரு சிறிய வெற்றிட அறையின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தேன். லேசர் ஒளியை உருளை வில்லையால் விரித்து மெல்லிய ஒளித்தகடாக்கி, துகள்கள் மிதக்கும் மட்டத்தில் கிடையாகப் பாய்ச்சுவார்கள். துகள் தூவியின் அடியில் நுண்ணிய சல்லடை ஒன்று உண்டு. அதை மின்காந்தம் ஒன்று தட்டியதும் பச்சைப் பொறிகள் சிதறி விழுந்து, கீழ் மின்முனையான தகட்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே சட்டென்று நின்றுவிடும். சில நொடிகள் அலைந்து, மெல்ல அடங்கி, இடுக்குப்புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப்போல ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறாக அமைந்துகொள்ளும். துகள்களுக்கு இடையே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. எந்தப் புள்ளிக்கு ஐந்து அண்டைத் துகள்கள், எந்தப் புள்ளிக்கு ஏழு என்று திரையில் விரல்வைத்து எண்ணலாம். நீரின் மூலக்கூறு ஒன்றையோ இரும்பின் அணு ஒன்றையோ இப்படி அதன் போக்கில் பின்தொடர முடியாது. ஒரு திண்மம் எப்படி உருகுகிறது, ஒரு திரவம் எப்படி ஓடுகிறது என்பதை, அதை ஆக்கும் ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் வேகத்தையும் கையில் வைத்துக்கொண்டு, சாதாரணக் காணொளிக் கருவியால் படிக்கலாம் என்பதே இந்தத் துறையின் உயிர்நாடி. கூழ்மக் கரைசல்களிலும் துகள்களைத் தனித்தனியே காணலாம். ஆனால் அங்கே சூழ்ந்திருக்கும் திரவம் ஒவ்வோர் அசைவையும் உடனே அடக்கிவிடும். மெல்லிய வாயுவில் மிதக்கும் துகளோ தன் உந்தத்தைப் போதிய நேரம் சுமந்து செல்கிறது. அதனால்தான் இங்கே அலைகளும் அதிர்ச்சிகளும் பிறக்க முடிகிறது.

அந்தத் துகள்கள் ஏன் கீழ்த்தகட்டுக்கு அருகிலேயே நின்றன? இந்தக் கேள்வியில்தான் ஈர்ப்பு நுழைகிறது. கால் நானோகிராம் நிறையைத் தாங்கிப்பிடிக்க, 10,000 எலக்ட்ரான் மின்னூட்டத்தின் மேல் சென்டிமீட்டருக்குச் சுமார் 15 வோல்ட் மின்புலம் வேண்டும். பிளாஸ்மாவின் நடுப்பகுதியில் அவ்வளவு வலுவான மின்புலம் கிடையாது. அங்கே இருப்பது ஓரிரு வோல்ட் அல்லது அதற்கும் கீழே. மின்முனையை ஒட்டி எலக்ட்ரான்கள் வெளியேற்றப்பட்ட மெல்லிய உறைப் பகுதியில் மட்டுமே அந்த வலிமை உண்டு. ஆகவே புவியில் துகள்கள் அந்த உறைக்குள் இறங்கி, ஓரிரு அடுக்குகளாகத் தட்டையாக நிற்கின்றன. முப்பரிமாணமாகப் பரவிய பெரிய திண்மமோ திரவமோ எளிதில் கிடைப்பதில்லை.

தட்டையாக இருப்பது மட்டும் குறை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். உறைக்குள் அயனிகள் கீழ்த்தகட்டை நோக்கி மிக வேகமாகப் பாய்கின்றன. அந்தப் பாய்ச்சல் ஒவ்வொரு துகளையும் கடக்கும்போது வளைந்து, துகளுக்குச் சற்றுக் கீழே நேர்மின்னூட்டம் செறிந்த ஒரு வாலை உண்டாக்குகிறது. கீழ் அடுக்கிலுள்ள துகள் அந்த வாலால் ஈர்க்கப்பட்டு, மேலே உள்ள துகளுக்கு நேர் கீழே வந்து நிற்கிறது. ஆனால் மேலே உள்ள துகளுக்குக் கீழே உள்ளதன் ஈர்ப்பு அதே அளவில் தெரிவதில்லை. வினையும் எதிர்வினையும் சமமாக இல்லாததுபோலத் தோன்றும் இந்த உறவு, அயனிப் பாய்ச்சலிலிருந்து ஆற்றலைப் பெற்றுத் துகள்களை அதிரச் செய்கிறது. நாம் புவியில் படிகம் என்று பார்ப்பதன் ஒழுங்கிலும் குலைவிலும் பெரும்பங்கு இந்த ஓட்டத்துக்குச் சொந்தம். ஈர்ப்பு துகள்களை நேரடியாகக் கெடுப்பதைவிட, அவற்றைக் கெட்ட இடத்தில் குடிவைப்பதால்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து.

எடையற்ற நிலையைப் பெறும் வழிகள் சில உண்டு. ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள விழுகோபுரத்தில் கருவியை வெற்றிடக் குழாய்க்குள் விழவிட்டால் 4.7 விநாடி கிடைக்கும். கீழிருந்து எறிந்து விழவிட்டால் 9 விநாடிக்குச் சற்று மேல். பிரான்சின் போர்டோவிலிருந்து பறக்கும் பரவளைய விமானத்தில் ஒவ்வொரு வளைவிலும் சுமார் 22 விநாடி. ஸ்வீடனின் வடகோடியிலிருந்து ஏவப்படும் டெக்ஸஸ் ஆய்வு ராக்கெட்டில் ஆறு நிமிடம். கருவியைச் சோதிக்க இவை போதும். ஒரு படிகம் வளர்ந்து குறைகளைத் திருத்திக்கொள்ளும் வரை காத்திருக்க, விண்வெளி நிலையம்தான் வேண்டும்.

1990களின் பிற்பாதியில் கார்ஷிங் குழு டெக்ஸஸ் ராக்கெட்டில் தன் அறையை அனுப்பியபோது எதிர்பார்த்தது எளிமையானது: உறைக்குள் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் துகள்கள் அறையின் நடுவில், மின்னழுத்தம் மிக உயர்ந்திருக்கும் இடத்தில், சீரான மேகமாகத் திரளும். கிடைத்த காட்சியில் மேகம் இருந்தது. அதன் நட்டநடுவில் ஒரு துகள்கூட இல்லாத, கத்தரித்தாற்போன்ற விளிம்புள்ள ஒரு குழி இருந்தது. 1999இல் வெளியான கட்டுரையில் இதுவே முதன்மையான கண்டுபிடிப்பானது. துகள்கள் குவிந்திருக்க வேண்டிய இடத்தை அவை அடியோடு காலி செய்திருந்தன.

காரணம் அயனிகள். பிளாஸ்மா அதிகமாகப் பிறப்பது நடுவில். அங்கிருந்து அயனிகள் சுவர்களை நோக்கி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டத்தைச் செலுத்தும் மின்புலம் எதிர்மின்னூட்டம் கொண்ட துகளை நடுவை நோக்கி இழுக்கிறது. ஓடும் அயனிகளோ வழியிலுள்ள துகள்மேல் மோதியும், மோதாமல் வளைந்து சென்றும் தம் உந்தத்தை அதற்குக் கொடுத்து வெளியே தள்ளுகின்றன. நடுப்பகுதியில் இந்தத் தள்ளல் வெல்கிறது. வெளியே போகப் போக மின்புலம் வலுத்து அதைச் சமன்செய்கிறது. சமனாகும் இடமே குழியின் விளிம்பு. அயனி இழுவை என்ற இந்த விசையைப் பற்றிக் கோட்பாட்டாளர்கள் முன்பே எழுதியிருந்தார்கள். புவியில் அது எடையின் முன் பெரிதும் மங்கிக் கிடந்தது. விசைகள் துகளின் அளவோடு மாறும் விதமும் இங்கே முக்கியம்: எடை ஆரத்தின் மும்மடியாக வளர்கிறது, மின்விசை ஏறத்தாழ ஆரத்தோடு வளர்கிறது, அயனி இழுவை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மைக்ரான் அளவுத் துகள்களில் எடையை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்திக்கின்றன.

அந்தக் குழியோடுதான் ஆய்வு பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு ஏறியது. ரஷ்யாவின் அனதோலி நெஃபேதோவ், விளாதிமிர் ஃபோர்தோவ் ஆகியோரும் மோர்ஃபில் குழுவும் இணைந்து உருவாக்கிய கருவி 2001 பிப்ரவரியில் புரோகிரஸ் சரக்குக் கலத்தில் சென்றது. முதல் நிலையக் குழுவினரான செர்கேய் கிரிக்கலேவும் யூரி கிட்ஸென்கோவும் மார்ச் 3 அன்று அதை இயக்கினார்கள். அந்த நிலையத்தில் நடந்த முதல் இயற்பியல் ஆய்வு அது. நெஃபேதோவ் அதைக் காணவில்லை. அந்த பிப்ரவரியிலேயே மறைந்தார். கருவிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 2005 வரை அது இயங்கியது. அதன் மேகங்களில் குழியைச் சுற்றிலும் படிக அடுக்குகளும் திரவப் பகுதிகளும் சுழல்களும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் காணப்பட்டன.

அடுத்து வந்த பிகே-3 பிளஸ் என்ற கருவி 2006 முதல் 2013 வரை இயங்கியது. 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு மின்முனைகள், 3 சென்டிமீட்டர் இடைவெளியில், மேலும் கீழும் கண்டிப்பான சமச்சீரோடு அமைக்கப்பட்டிருந்தன. மின்திறனை ஏறத்தாழ அணையும் எல்லைவரை தாழ்த்தினால் குழி மூடிக்கொள்கிறது என்று இதில் காட்டினார்கள். 2007இல் அந்த முடிவு வெளியானது. வேறு சில நிலைமைகளில் குழி சுருங்கி விரிந்து சீராகத் துடித்தது; அதற்கு இதயத்துடிப்பு நிலையின்மை என்றே பெயர். தொடக்கத்தில் இடையூறாகத் தெரிந்த ஒன்றைத் திறக்கவும் மூடவும் துடிக்க வைக்கவும் கற்றுக்கொண்ட அந்தப் பத்து ஆண்டுகள், ஆய்வு எப்படி நகர வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்றுகளில் ஒன்று.

இதே கருவியில் கிடைத்த ஒரு முடிவை நான் தனியே சொல்லியாக வேண்டும். புவியில் பிளாஸ்மாப் படிகத்தை உருக்க வேண்டுமானால் வாயுவின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். வாயு மெலிந்தால் துகளின் அசைவைத் தடுக்கும் உராய்வு குறைகிறது. அயனி வால்கள் ஊட்டும் ஆற்றல் தங்கிப் பெருகுகிறது. படிகம் குலுங்கி உருகுகிறது. 1996இல் தாமஸும் மோர்ஃபிலும் இதைப் படிப்படியாகப் பதிவு செய்தார்கள். நான் பணிபுரிந்த அறையிலும் இதுவே நடந்தது. வால்வை ஒரு கால் திருப்பு திருப்பினால் போதும். கோலம் முதலில் ஓரங்களில் நெளியும், பிறகு புள்ளிகள் இடம் மாறும், பிறகு வரிசை என்று எதையும் சுட்ட முடியாது. பிகே-3 பிளஸ் அறையின் பெரிய முப்பரிமாண மேகத்தில், 2011இல் வெளியான முடிவின்படி, அழுத்தத்தைக் குறைத்தபோது மேகம் உறைந்தது, கூட்டியபோது உருகியது. ஒரே வகைத் துகள், ஒரே கைப்பிடி, நேரெதிர் விளைவு. உறைக்குள் ஓடும் அயனிப் பாய்ச்சலின் ஆதிக்கம் விலகிய இடத்தில், துகள்களின் மின்னூட்டமும் நெருக்கமும் அழுத்தத்தோடு எப்படி மாறுகின்றன என்பதே நிலையைத் தீர்மானிக்கிறது. புவியில் கண்டதை உருகுதலின் பொதுவிதி என்று எடுத்துக்கொண்டிருந்தால், ஓர் இடத்தின் வழக்கத்தை உலகின் வழக்கமாக எழுதியிருப்போம்.

மற்றொரு பரிசோதனையில் 9.2 மைக்ரான் துகள்களின் மேகத்துக்குள் 3.4 மைக்ரான் துகள்களைச் செலுத்தினார்கள். நுழைந்த சிறியவை சிதறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து வரிசைகளாக உள்ளே சென்றன, பெரியவையும் வழிவிட்டுத் தாமும் வரிசையாயின. எதிரெதிராக நடக்கும் மக்கள் கூட்டத்திலும் மின்புலத்தில் நகரும் கூழ்மங்களிலும் இதே வரிசைப்படல் உண்டு. இங்கே அதை ஒவ்வொரு துகளாகப் பார்க்க முடிந்தது.

2014 அக்டோபரில் ஏவப்பட்டு, நிலையத்திலுள்ள ஐரோப்பாவின் கொலம்பஸ் ஆய்வகத்தில் பொருத்தப்பட்ட பிகே-4 வேறு வடிவம் கொண்டது. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில், நியான் அல்லது ஆர்கான் வாயுவில், நேர்த்திசை மின்சாரத்தால் பிளாஸ்மா எரிகிறது. துகள்கள் குழாயில் ஓடும். அவற்றை ஓரிடத்தில் நிறுத்த மின்முனைகளின் திசையை விநாடிக்குச் சுமார் 500 முறை மாற்றுவார்கள். இந்த மாற்றத்துக்கு எலக்ட்ரான்களும் அயனிகளும் ஈடுகொடுக்கும். கனத்த துகள்கள் சராசரியை மட்டும் உணர்ந்து அசையாமல் நிற்கும். அயனிகள் இருபுறமும் மாறிமாறி ஓடுவதால் ஒவ்வொரு துகளின் இரு பக்கமும் ஈர்ப்பு உண்டாகி, அவை குழாயின் அச்சை ஒட்டிச் சரங்களாகக் கோத்துக்கொள்ளும். புவியில் ஒருதலைப்பட்சமாக இருந்த அந்த வால் இங்கே இருதலையாகிறது. திரவத்தின் ஓட்டம், பாகுத்தன்மை, அலைகள் ஆகியவற்றைத் துகள் அளவில் படிக்க ஏற்ற கருவி இது.

அலைகள் என்றதும் இந்தியப் பங்கைச் சொல்லாமல் நகர முடியாது. தூசுத் துகள்களே அசைந்து பரப்பும், விநாடிக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே செல்லும் ஓர் அலை இருக்க வேண்டும் என்று 1990இல் கணித்தவர்கள் என். என். ராவ், பி. கே. சுக்லா, எம். ஒய். யூ ஆகியோர். 1995இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அது படமாக்கப்பட்டது. மெதுவாகப் போகும் ஒலி அலை ஒன்றை, அதன் முகடும் பள்ளமும் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பது இப்போதும் எனக்கு மெய்சிலிர்ப்பைத் தருகிறது. காந்திநகரிலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் பி. கே. காவும் அபிஜித் சென்னும், வலுவாகப் பிணைந்த தூசுப் பிளாஸ்மா திரவமாக இருந்தபோதிலும் திண்மத்தைப்போலக் குறுக்கு அலைகளைத் தாங்கும் என்று 1998இல் எழுதினார்கள். 2002இல் அதே நிறுவனத்தில் அந்த அலை பரிசோதனையில் காணப்பட்டது. இவையெல்லாம் புவியில் நடந்த வேலைகள். புவி ஆய்வகங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

புவியிலேயே எடையை ஈடுகட்டும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கீழ் மின்முனையைச் சூடாக்கினால் வாயுவில் உண்டாகும் வெப்பநிலை வேறுபாடு துகள்களை மேல்நோக்கித் தள்ளும். 2002இல் இம்முறையால் பெரிய மேகங்களைத் தாங்கிப்பிடித்தார்கள். 2004இல் ஜெர்மனியின் கீல் நகரில் இதே உத்தியோடு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே உருண்டையான படிகங்களை உருவாக்கினார்கள். செலவைப் பார்த்தால் இவை விண்வெளி நிலையத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு மலிவு. ஆனால் வெப்பவிசை துகளின் பரப்போடு வளர்கிறது, எடை கனஅளவோடு வளர்கிறது. ஓர் அளவுத் துகளுக்குச் சரியாகச் சமன்செய்தால் மற்ற அளவுக்குப் பொருந்தாது. இரு வகைத் துகள்கள் கலந்த மேகத்தை எடையின்றி ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால், அதாவது மேலே சொன்ன வரிசைப்படல் போன்ற பரிசோதனை வேண்டுமானால், விண்வெளிக்கு மாற்று இல்லை.

இந்த அறிவின் பயன்கள் பல இடங்களில் உள்ளன. 1980இல் வாயேஜர் 1 சனிக்கோளின் வளையங்களில் கண்ட ஆரக்கால் போன்ற கருநிழல்களை, மின்னூட்டம் பெற்ற நுண்தூசு வளையத் தளத்திலிருந்து எழும்புவதாகக் கருதி விளக்குகிறார்கள். 1980களின் இறுதியில் ஐபிஎம் ஆய்வகத்தில் கேரி செல்வின், சில்லுகளைச் செதுக்கும் பிளாஸ்மாவில் லேசரைப் பாய்ச்சியபோது, சில்லைக் கெடுக்கும் அழுக்கு வெளியிலிருந்து வராமல் பிளாஸ்மாவிலேயே பிறந்து அதிலேயே மிதந்து நின்றதைக் கண்டார். கோள்கள் பிறப்பதற்கு முன் தூசு எப்படித் திரண்டது என்ற கேள்விக்கும் நெஃபேதோவ் கருவி ஒரு குறிப்பைத் தந்தது: பிளாஸ்மா இல்லாத வாயுவில் தூவிய மின்னூட்டத் துகள்கள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகத் திரண்டன. அவற்றில் நேர், எதிர் என இரு மின்னூட்டங்களும் கலந்திருந்ததே அதற்கு விளக்கம்.

2022 மார்ச்சில் ஜெர்மன் விண்வெளி மையம் ரஷ்ய நிறுவனங்களுடனான அறிவியல் ஒத்துழைப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரு நாட்டு ஆய்வாளர்களும் விண்வெளி வீரர்களும் தோளோடு தோள் நின்று வளர்த்த ஒரு துறைக்கு அது பெரிய இழப்பு. அதன் காரணமான உக்ரைன் போரின் முன் இந்த இழப்பைப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆனாலும் இழப்பு இழப்புதான். அடுத்த கருவிக்கான அறை ஜெர்மனியில் உருவாகி, பரவளைய விமானங்களில் சோதிக்கப்பட்டுள்ளது. காம்பாக்ட் என்ற பெயரில் அமெரிக்காவுடன் இணைந்து அதை நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டம் இருக்கிறது. அதன் மின்முனைகளின் இடைவெளியை மாற்றலாம். பிளாஸ்மாவின் பரப்பையும் தன்மையையும் துகள்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். இதுவரையிலான கருவிகளில் ஒளித்தகட்டை மேகத்தின் ஊடாக நகர்த்தி, அடுக்கு அடுக்காகப் படமெடுத்துத்தான் முப்பரிமாணத்தைத் தொகுத்தார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தகடு செல்வதற்குள் துகள்கள் நகர்ந்துவிடும். பல கோணங்களிலிருந்து ஒரே கணத்தில் படமெடுத்து, உறையும் மேகத்தின் எல்லையில் எந்தத் துகள் முதலில் தன் இடத்தில் நிலைகொள்கிறது, அதன் அண்டைத் துகள்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று பின்தொடர முடியுமானால், 2011இல் கண்ட அந்தத் தலைகீழ் உறைதலை மறுபடியும் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் முதல் விருப்பம்.